இரண்டு கிழவிகள் வீடு மாறியது

ராயபுரத்தில் நாங்கள் இருந்த வீடு மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது. முப்பத்தொரு வருடம் அந்தப் படிகளில் ஏறி இறங்கியிருக்கிறேன். மொத்தம் எத்தனை படி என்று ஒருநாளும் எண்ணியதில்லை. என் நாத்தனார் விழுந்த பிறகுதான் எண்ணினேன். ஐம்பத்து நான்கு.

நாத்தனார் என் கணவருடைய அக்கா. நான் 'அண்ணி' என்று கூப்பிடுவேன். வயது எழுபத்தைந்து. காசிமேட்டில் ஏலம் எடுத்துத் தண்டையார்பேட்டை மார்க்கெட்டில் நாற்பது வருடம் மீன் விற்றவர். தலையில் கூடையோடு அவர் நடந்தால் எதிரே வருகிறவர்கள்தான் ஒதுங்குவார்கள். அவருக்குக் கல்யாணம் ஆன இரண்டாம் வருடமே புருஷன் கடலில் போய்விட்டார். அதிலிருந்து எங்களோடுதான் இருந்தார். துறைமுகத்தில் வேலை பார்த்த என் கணவரும் இறந்து ஒன்பது வருடம் ஆகிவிட்டது. ஒரே மகனுக்கு ஓசூரில் வேலை. அந்த வீட்டில் மிஞ்சியது நாங்கள் இரண்டு பேர்.

ஒருநாள் காலையில் பால் வாங்க இறங்கியவர், இரண்டாம் மாடித் திருப்பத்தில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது தெருக்காரர்கள் நான்கு பேர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கி வந்தார்கள். அதே திருப்பத்தில் நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது. அண்ணி போட்ட கூச்சலில் மூன்று மாடியும் கதவைத் திறந்தது. முன்னால் பிடித்திருந்தவருடைய தலைமுடி அண்ணியின் கைக்குள் இருந்தது.

மேலே வந்து கட்டிலில் உட்கார்ந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "இனிமே என்னிய எவனும் தூக்கக்கூடாது. தூக்குனா பொணமாத்தான் தூக்கணும்."

அதன்பிறகு எட்டு மாதம் அவர் கீழே இறங்கவில்லை.

எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, கைப்பிடியைப் பிடித்து மெதுவாக இறங்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாக்கரைத் தள்ளிக்கொண்டு வாசல்வரை வருவார். படிகளைப் பார்ப்பார். திரும்பிப் போய்விடுவார். நானும் வற்புறுத்திப் பார்த்து விட்டுவிட்டேன். நாள் முழுக்க ஜன்னலில்தான் இருந்தார். மீன்காரி தெருவில் வந்தால் மூன்றாம் மாடியிலிருந்தே, "செவுளைத் தூக்கிக் காட்டுமே!" என்று கத்துவார். கீழே அவள் காட்டுவாள். இங்கிருந்து என்ன தெரியும்? ஆனாலும், "நேத்து மீனு, வோணாம் போ" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்.

ஒரு மத்தியானம் அவருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது, "கடலு எப்டிகீது?" என்று கேட்டார். எங்கள் வீட்டிலிருந்து கடல் பத்து நிமிட நடை. பிறந்ததிலிருந்து அதன் பக்கத்திலேயே இருந்த மனுஷி அதை என்னிடம் விசாரிக்கிறார். அன்று சாயங்காலமே முடிவு செய்தேன். தரைத்தளத்தில் ஒரு வீடு பார்க்க வேண்டும்.

மகனுக்குப் போன் செய்தேன். முதலில், "ரெண்டு பேரும் இங்க வந்துடுங்கம்மா" என்றான். ஓசூரில் கடல் இல்லை என்றேன். பிறகு வீடு மாற்றித் தரும் ஒரு கம்பெனியிடம் விசாரித்துவிட்டுக் கூப்பிட்டான். அவர்கள் சொன்ன தொகை என்னுடைய இரண்டு மாதப் பென்ஷனுக்கும் மேலே இருந்தது. "நான் குடுக்கிறேம்மா" என்றான். வேண்டாம் என்றேன். பணம் மட்டும் காரணமில்லை. திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் இருபத்தேழு வருடம் இருந்தவள் நான். ஆணியிலிருந்து மோட்டார்வரை எது எந்த அலமாரியில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னவள். என் வீட்டுச் சாமானை யாரோ பெட்டியில் போட்டு டேப் ஒட்டி, அதை நான் பின்னால் தேடிக்கொண்டிருப்பதா?

வீடு தேடத்தான் நாள் பிடித்தது. நான்கு இடத்தில் வயதைக் கேட்டதும் முகம் மாறியது. "ஆம்பள யாரும் இல்லியா?" என்று ஒருவர். "எங்க வூட்ல வெச்சு ஒண்ணு ஆயிடுச்சின்னா எங்களுக்குப் பேஜாரும்மா" என்று இன்னொருவர். ஐந்தாவதாகப் பார்த்தது திருவொற்றியூர் தேரடிக்குப் பின்னால் ஒரு தெரு, கடலுக்கு நடக்கிற தூரம். வண்ணாரப்பேட்டையில் துணி வியாபாரம் செய்துவிட்டு ஓய்ந்த ஒரு பாய், மாடியில் குடியிருந்துகொண்டு கீழ் வீட்டை வாடகைக்கு விட இருந்தார். அவரும் தயங்கினார்.

"தப்பா எட்துக்காதீங்கம்மா. ரெண்டு பேருமே வயசானவங்க. நாளைக்கு ஒண்ணுன்னா..."

"உங்களுக்கு இன்னா வயசு பாய்?"

"அறுபத்தொம்பது."

"எனக்கு அறுபத்தெட்டு. நீங்க மாடியில வேற கீறீங்க. நாளைக்கு ஒண்ணுன்னா உங்களுக்குத் தண்ணி எட்துக்கினு ஓடியாற கீழ ஆளு வோணாமா?"

அவர் உள்ளே திரும்பி மனைவியிடம் டீ போடச் சொன்னார்.

டீ வருவதற்குள் கைப்பையிலிருந்த இஞ்ச் டேப்பை எடுத்து எல்லாக் கதவையும் அளந்தேன். வாக்கர் கழிப்பறைக்குள் போக வேண்டும், போகும். குளியலறை வாசலில் ஒரு சிமெண்ட் தடுப்பு இருந்தது. அதை உடைத்துச் சரிவாக்கித் தர முடியுமா, கழிப்பறையில் ஒரு கைப்பிடி அடிக்கலாமா என்று கேட்டேன். "எனக்கும்தாம்மா நாளைக்கு உதவும்" என்று சொல்லி இரண்டுக்கும் சம்மதித்தார். வாடகை அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்துதான், ஆனால் சாவியை இப்போதே வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். அந்தச் சாவி எனக்கு மூன்று வாரத்தைக் கொடுத்தது. மூன்று வாரம் போதும் என்று தெரியும்.

பெண்களுக்குச் சாதாரண பஸ்ஸில் கட்டணம் கிடையாது. ராயபுரத்திலிருந்து திருவொற்றியூருக்கு அந்த பஸ்கள் வந்துகொண்டே இருக்கும். ஆபீஸ் கூட்டம் ஓய்ந்த பிறகு, பதினோரு மணிக்கு ஏறினால் உட்கார இடமும் கிடைக்கும். ஒரு நடைக்கு இரண்டு ஒயர் கூடை. அதுதான் என் திட்டம். அண்ணியிடம் சொன்னபோது அவர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"வூட்டையே கூடையில எட்துக்கினு போவப்போறியா?"

"நீங்க நாப்பது வருஷம் கடலையே கூடையில எடுத்துட்டுப் போனீங்களே அண்ணி."

அண்ணி எழுந்து போய்ப் பரணுக்குக் கீழே கிடந்த தன் பழைய கூடைகளில் எது உறுதியானது என்று பார்க்க ஆரம்பித்தார்.

முதல் நாள் பேராசையில் இரண்டு கூடையோடு ஒரு மூட்டையும் எடுத்துப்போனேன். கண்டக்டர் சத்தம் போட்டார். "யம்மா, இது இன்னா பஸ்ஸா, லாரியா? லக்கேஜுக்கு டிக்கெட் எட்து, இல்லாங்காட்டி எறங்கு." அவர் சொன்னதில் தப்பில்லை. லக்கேஜ் டிக்கெட் எடுத்தேன். அடுத்த நாளிலிருந்து ஒரு கூடை மடியில், ஒன்று காலடியில், அவ்வளவுதான். நாலாவது நாளும் அதே கண்டக்டர் வந்தார்.

"இன்னாமா, டெய்லி மார்க்கெட்டா?"

"இல்லப்பா. வூடு மாத்திகினு கீறேன்."

அவர் கூடைக்குள் எட்டிப்பார்த்தார். தோசைக்கல்லும் ஊறுகாய் ஜாடியும் இருந்தன. பஸ்ஸே திரும்பும்படி சிரித்தார். அதன்பிறகு என்னைப் பார்க்கும்போதெல்லாம், "இன்னிக்கு இன்னாமா?" என்பார். "கிச்சன் முடிஞ்சிட்ச்சு. இன்னிக்கு சாமி படம்" என்பேன். பக்கத்தில் உட்காரும் பெண்கள் கதை கேட்பார்கள். டோல்கேட்டில் இறங்க வேண்டிய ஒருத்தி, நான் இறங்கும் நிறுத்தம்வரை வந்து ஒரு கூடையை வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனாள். என் கஷ்டத்தைப் பார்த்து வந்தவள் இல்லை. வீட்டைப் பார்க்க ஆசைப்பட்டு வந்தவள்.

கூடையில் போன எதையும் அங்கே தரையில் குவிக்கவில்லை. போனதும் துடைத்து, அதன் இடத்தில் வைத்துவிட்டு, பாய் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்புவேன். தினமும் வேண்டியது கடைசி வாரம், வேண்டாதது முதல் வாரம். இரண்டுக்கும் நடுவில், எதற்குமே வேண்டாதது என்று ஒரு பெரிய குவியல் சேர்ந்தது. மகன் படித்த புத்தகங்கள், ஓடாத மிக்ஸி, பதினாறு பேருக்குச் சமைக்கிற அளவுக்குப் பாத்திரம். புத்தகங்களைத் தெருமுனை டியூஷன் வீட்டுக்குக் கொடுத்தேன். பாத்திரங்களை முதல் மாடியில் புதிதாகக் கல்யாணமாகி வந்தவள் எடுத்துக்கொண்டாள். என் கணவருடைய சட்டைகளை மட்டும் இரண்டு நாள் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள் அண்ணி, "அவன் என் தம்பி. நான் சொல்றேன், குட்த்துடு" என்றார். கொடுத்துவிட்டேன்.

காஸ் இணைப்பு, ரேஷன் கார்டு, பென்ஷன் வரும் பேங்க் மூன்றிலும் முகவரி மாற்ற எழுதிக் கொடுத்தேன். கவுண்டர்களில் அரைமணி நேரம் நின்றால் கால்வலி உண்டு, ஆனால் பயம் இல்லை.

எனக்கிருந்த ஒரே பயம் அண்ணி. சாமான் எல்லாம் போய்விடும். அவரை எப்படி இறக்குவது? தூக்கக்கூடாது என்றால் தூக்கக்கூடாதுதான். அதை மீறி நாலு பேரை அழைத்துவந்து நிறுத்த எனக்கு மனசு வரவில்லை. கேட்டால், "நீ உன் வேலையப் பாரு" என்பார்.

இரண்டாவது வாரத்தில் ஒன்று கவனித்தேன். மத்தியானம் நான் திரும்பும்போது அவருடைய புடவையின் பின்பக்கம் சாம்பல் நிறத்தில் தூசு அப்பியிருந்தது. வீட்டுத் தரையை நான் தினமும் துடைக்கிறேன். எங்கே உட்கார்ந்தார்? கேட்டதற்கு, "எங்கயோ" என்றார். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் கூடையோடு தெருமுனைவரை போய்விட்டு, சத்தமில்லாமல் திரும்பி வந்து கீழிருந்து எட்டிப் பார்த்தேன்.

அண்ணி படியில் உட்கார்ந்திருந்தார். ஒரு கை கம்பியில், ஒரு கை படியில். கால் இரண்டையும் அடுத்த படிக்கு இறக்கி, உடம்பை மெதுவாக நகர்த்தி, டொப்பென்று ஒரு படி. மூச்சு வாங்கிக்கொள்கிறார். மறுபடி ஒரு படி. இரண்டாம் மாடித் திருப்பம், அவர் விழுந்த இடம், வந்தது. அங்கே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். உதடு அசைந்தது. சாமியைக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். காதைத் தீட்டிக் கேட்டால், அந்தப் படியைத் திட்டிக்கொண்டிருந்தார். மீன் மார்க்கெட்டில் நாற்பது வருடம் கற்ற எல்லா வார்த்தையும் அந்தப் படிக்குக் கிடைத்தது. பிறகு அதைத் தாண்டி இரண்டு படி இறங்கினார். திரும்பி, அதேபோல உட்கார்ந்தபடியே, பின்பக்கமாக மேலே ஏறினார்.

நான் போய்ப் பஸ் ஏறினேன். அன்று கண்டக்டர் என்ன கேட்டாரோ, நான் என்ன சொன்னேனோ, நினைவில்லை. பார்த்ததை அண்ணியிடம் சொல்லவில்லை. மறுநாள் காலையில் கிளம்பும்முன் மூன்று மாடிப் படியையும் பெருக்கித் துடைத்துவிட்டுப் போனேன். அவருக்குப் புரிந்திருக்கும்.

கடைசி நாளுக்குப் பீரோ, கட்டில், ஃபிரிட்ஜ், மெத்தைகள் மட்டும் மிஞ்சின. வண்டியை அண்ணி ஏற்பாடு செய்தார். காசிமேட்டிலிருந்து அவருடைய மீனை வருடக்கணக்காகத் தண்டையார்பேட்டைக்கு ஏற்றிவந்த மீன்பாடி வண்டிக்காரர், இப்போது அறுபது வயதிருக்கும், இன்னும் ஓட்டுகிறார். முன்னால் பலகைத்தட்டு, பின்னால் மோட்டார், மூன்று சக்கரம். போனில் அண்ணி சொன்னது ஒரே வரி. "டேய், ஞாயித்துக்கெயம வண்டிய கய்வி எட்துக்கினு வா."

அவர் வண்டியைக் கழுவித்தான் கொண்டுவந்தார். கூடவே துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவரையும், இரண்டு சுமைக்காரர்களையும், கயிற்றையும் கொண்டுவந்தார். பீரோ அந்தப் படி வளைவில் வராது. முப்பத்தொரு வருடத்துக்கு முன் என் கணவரின் கூட்டாளிகள் பால்கனி வழியாகக் கயிறு கட்டித்தான் ஏற்றினார்கள். அப்படியேதான் இறக்கவும் வேண்டும். நான் பால்கனியில் நின்று எங்கே துணி சுற்ற வேண்டும், எங்கே முடிச்சு வர வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். துறைமுகக்காரர் கீழே நின்று, கப்பலில் சரக்கு இறக்கும்போது கொடுக்கிற குரலையே கொடுத்தார்.

"ஆரியா... ஆரியா... மெதுவா ஆரியா..."

பீரோ ஆடாமல் இறங்கியது. எனக்குப் பெருமையாக இருந்தது. இரண்டாம் மாடிக்கு நேராக வந்தபோது அதன் கதவு தானாகத் திறந்தது. மெதுவாக, யாரோ உள்ளிருந்து எட்டிப் பார்ப்பதுபோலத் திறந்து, கீழ்வீட்டு ஜன்னல் கண்ணாடியில் போய் மோதியது. கண்ணாடி உடைந்து தெருவில் கொட்டியது. எல்லாவற்றையும் சரிபார்த்த நான் பீரோவைப் பூட்டவில்லை. சாவி என் இடுப்பில் இருந்தது.

பின்னாலிருந்து ஒரு சிரிப்பு. அண்ணி வாக்கரைப் பிடித்தபடி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "பெரிய ஸ்டோர்ஸ்காரி! பூட்டல!" எட்டு மாதத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. கீழ்வீட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்டு, அன்றே கண்ணாடி போட ஆள் சொல்லிவிட்டேன்.

முதல் நடையில் பீரோவும் கட்டிலும் ஃபிரிட்ஜும் போய் இறங்கின. வண்டி திரும்பி வந்து நின்றது. மெத்தைகளும் அண்ணியும்தான் பாக்கி. சுமைக்காரர்களில் ஒருவர் அருகில் வந்து, "வாம்மா, சேர்ல குந்து, பூ மாரி எறக்கிடறோம்" என்றார்.

"நான் இன்னா பீரோவா, கயிறு கட்டி எறக்குறதுக்கு? அப்பால போ."

வாக்கரை என்னிடம் கொடுத்தார். வாசலில் கம்பியைப் பிடித்து மெதுவாக உட்கார்ந்தார். நான் இரண்டு படி முன்னால் இறங்கி, அவரைப் பார்த்தபடியே பின்னோக்கிப் போனேன். தொடவில்லை. ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்திருந்தது. நாற்காலியைத் தூக்கி வந்தபோது கூச்சலைக் கேட்டு எட்டிப் பார்த்த அதே முகங்கள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் அண்ணி நிறுத்தினார். அவர் ஒரு மிடறு தண்ணீர் கேட்டார். குடித்தார். "இன்னா பாத்துக்கினுகீற? எறங்கு" என்றார்.

கடைசிப் படியில் கம்பியைப் பிடித்து அவராகவே எழுந்து நின்றார். இருபத்தைந்து நிமிஷம் ஆகியிருக்கும். தெரு வெயிலில் கண்ணைச் சுருக்கினார். முதல் மாடிப் பெண் கைதட்டினாள். அண்ணி அவளை முறைத்தார்.

ஆட்டோ பிடிக்கலாமென்று நான் கையை நீட்டினேன். அவர் மீன்பாடி வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தட்டில் மெத்தைகள் மடித்துப் போட்டிருந்தன. "இதுலயே போலாம்" என்றார். வண்டிக்காரர் தலையைச் சொறிந்தார். "யக்கா, இடுப்பு..." "நீ ஒயுங்கா ஓட்டு, இடுப்பு ஒயுங்கா இருக்கும்."

அவரை நடுவில் உட்கார வைத்து, இரண்டு பக்கமும் தலையணை வைத்து, நானும் ஏறிக்கொண்டேன். காலை நீட்டி, பலகையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு கிழவிகள் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் போனோம். வேகத்தடை வரும்போதெல்லாம் வண்டிக்காரர் எறும்பு ஊர்வதுபோல ஓட்டினார். பின்னால் கன்டெய்னர் லாரிகள் ஹாரன் அடித்தன. அண்ணி திரும்பிப் பார்க்கவே இல்லை. தண்டையார்பேட்டை மார்க்கெட்டைக் கடக்கும்போது யாரோ ஒருத்தி, "யக்கோவ்! எங்கக்கா போற?" என்று கத்தினாள். "வூடு மாறிகினு போறேன்!" என்று அண்ணி திருப்பிக் கத்தினார்.

புதுவீட்டில் பிரிக்க ஒரு பெட்டியும் இல்லை. கட்டிலைப் பூட்டி மெத்தையைப் போட்டதும் வேலை முடிந்தது. அடுப்பைப் பற்றவைத்து எல்லோருக்கும் உப்புமா கிளறினேன். வண்டிக்காரர் காசு வாங்க மாட்டேன் என்று சண்டை போட்டார். அண்ணி அவர் சட்டைப்பையில் திணித்துவிட்டு, "வாங்கலன்னா அடுத்த வாட்டி உன்ன எப்டிக் கூப்புடறது?" என்றார்.

நான்காம் நாள் நான் குளித்துவிட்டு வரும்போது கட்டில் காலியாக இருந்தது. வாக்கரைக் காணவில்லை. தெருக்கதவு திறந்திருந்தது. ஈரத்தலையோடு ஓடினேன். மாடியிலிருந்து பாய், "பதறாதீங்கம்மா, தோ மொனையில கீறாங்க" என்றார்.

தெருமுனையில் ஒரு மீன்காரி கூடையை இறக்கி வைத்திருந்தாள். அண்ணி வாக்கரை ஒரு பக்கம் நிறுத்திவிட்டு, அவளுடைய முக்காலியில் உட்கார்ந்து, ஒரு சங்கரா மீனின் செவுளைத் தன் விரலால் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வெலய கொறைக்க மாட்டேன்றா. நீ போய் மொளகா அரை, நான் பேசிட்டு வரேன்" என்றார்.

நான் திரும்பிப் போய் மிளகாய் அரைத்தேன். அவர் வர முக்கால் மணி நேரம் ஆனது.